வீட்டில் படிக்கும் பிள்ளைக்குக் கவனமும் இல்லை, படித்தது நினைவிலும் நிற்பதில்லை. என்ன செய்வது?

ஒன்பது வயதுப் பையன், வீட்டில்தான் படிப்பு, சீக்கிரமே கவனம் போய்விடுகிறது, மறுநாள் கேட்டால் முழிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் பாட நேரத்தைச் சுருக்குங்கள். ஒரே பிள்ளைக்குச் சொல்லித்தரும் வீட்டில் 45 நிமிடப் பீரியட் எதற்கு? பதினைந்து நிமிடம் பாடம், அப்புறம் எழுந்து ஓடட்டும். செல்போன் அந்த அறையிலேயே வேண்டாம், உங்களுடையதும்தான்.

மறதிக்கு வருவோம். 1885-லேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் தன்மேலேயே சோதனை செய்து, மனப்பாடம் செய்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவிவிடுகிறது என்று காட்டினார். 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வில், திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப்பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. அதனால் "இன்னொரு தடவை படி" என்பதை விட்டுவிட்டு, புத்தகத்தை மூடிவைத்து "நீ எனக்குச் சொல்லிக்கொடு, கேட்போம்" என்று உட்காருங்கள். ஆவியாதல் பாடம் என்றால் ஒரே அளவு ஈரத்துணி இரண்டை வெயிலிலும் நிழலிலும் காயப்போடச் சொல்லி, எது முன்னால் காய்ந்தது, ஏன் என்று அவன் வாயால் வரவையுங்கள். அதையே மறுநாள், மூன்று நாள் கழித்து, அடுத்த வாரம் என்று இடைவெளி விட்டுக் கேளுங்கள். திணறினால் பொறுங்கள், உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள், தப்பாகச் சொன்னால் மட்டும் அப்போதே திருத்துங்கள். திட்ட வேண்டாம், பயந்த பிள்ளை யோசிக்காது.

விளையாட்டிலும் சாப்பாட்டிலும்கூட இதே கவனச்சிதறல் மாதக்கணக்கில் இருந்தால், கண்ணையும் காதையும் பரிசோதித்துவிட்டு, குழந்தைகள் நல மருத்துவரிடம் பேசுங்கள்.