ஷொக் மாற்றினால் பின்பக்கம் உயருமா?

கேள்வி: என்னிடம் 1992ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் டபுள்கப் இருக்கிறது. புத்தூரிலிருந்து மருதனார்மடம் சந்தைக்கு வெங்காயமும் மரக்கறியும் ஏற்றிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்புவேன். திரும்பும்போது குழிகளில் பின்பக்கம் துள்ளி ஒரு பக்கம் விலகுகிறது. மூட்டை ஏற்றினால் பின்பக்கம் நன்றாகப் பதிந்துவிடுகிறது. ஒரு கராஜில் நாலு ஷொக்கையும் மாற்றினால் எல்லாம் சரிவரும் என்கிறார்கள். இன்னொருவர் பழைய ஷொக்குக்கே ஒயில் நிரப்பித் தருகிறேன் என்கிறார். எதைச் செய்வது? நானே மாற்றலாமா?

பதில்: நீங்கள் சொல்வது இரண்டு வருத்தம். துள்ளுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஷொக் அப்சோபர். பதிவதற்குக் காரணம் ஸ்பிரிங் பிளேட். பாரத்தைத் தாங்குவது பிளேட்தான். அது ஆடும் ஆட்டத்தை அடக்குவதோடு ஷொக்கின் வேலை முடிந்துவிடும். எவ்வளவு விலையில் வாங்கிப் பூட்டினாலும் சாதாரண ஷொக் பின்பக்கத்தை உயர்த்தாது. இதைச் சொல்லாமலே ஷொக் விற்பவர்கள் இருக்கிறார்கள்.

பம்பரை அமத்தி ஆட்டிப் பார்க்கும் சோதனையைப் பழைய பிக்கப்பில் நம்பாதீர்கள். துருப்பிடித்த பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசியே ஆட்டத்தை நிறுத்திவிடும், செத்த ஷொக்கும் நல்லதுபோலத் தெரியும். கீழே குனிந்து பாருங்கள். உடம்பில் மெல்லிய ஒயில் படலம் இருந்து அதில் தூசி ஒட்டியிருந்தால் பயமில்லை. ஈரமாக வடிந்திருந்தால் அது முடிந்த கதை. உள்ளே போய்வரும் கம்பியில் துருக் குழிகள் விழுந்திருந்தாலும் அப்படித்தான், அந்தக் குழிகள் ஒயில் வடியாமல் அடைக்கும் ரப்பர் சீலை (seal) அராவிவிடும். காரைநகர், பருத்தித்துறைப் பக்கம் உப்புக்காற்றில் நிற்கிற வண்டிகளில் இதைத்தான் முதலில் தேட வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. கரடுமுரடான ஒழுங்கையில் சற்று நேரம் ஓடிவிட்டு இரண்டு ஷொக்கையும் கையால் தொட்டுப் பாருங்கள். வேலை செய்கிற ஷொக் சூடாக இருக்கும், ஏனென்றால் ஆட்டத்தை அது உள்ளே ஒயிலில் வெப்பமாக்கித்தான் கரைக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள்.

ஒயில் நிரப்பும் யோசனையை விட்டுவிடுங்கள். துளை போட்டு ஒயில் விட்டு வெல்டிங் வைத்தாலும் உள்ளே தேய்ந்த வால்வும் சீலும் அப்படியேதான் இருக்கும். ஒயிலோடு வாயுவும் அடைத்த காஸ் ஷொக் என்றால் அழுத்தத்தோடு இருக்கும் குழாயில் துளை போடுவது ஆபத்தும்கூட.

வாங்கும்போது பின் இரண்டையும் சோடியாக வாங்குங்கள். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் வண்டி ஒரு பக்கம் இழுத்து ஆடும். ஒரே ஆண்டு ஹைலக்ஸிலும் மொடலுக்கு மொடல் நீளம் மாறும். அதனால் செசி இலக்கத்தையும் கழற்றிய பழைய ஷொக்கையும் கடைக்குக் கொண்டுபோங்கள். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையிலிருந்து எடுப்பித்தாலும் இலக்கத்தைச் சொல்லியே எடுப்பியுங்கள். ரீகண்டிஷன் சாமானைக் கடையிலேயே நிமிர்த்திப் பிடித்து அமத்தி இழுத்துப் பாருங்கள். முழுத் தூரமும் ஒரே சீராக எதிர்க்க வேண்டும். நடுவில் எங்காவது சும்மா வழுக்கினால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பாரம் ஏற்றுகிறோமே என்று ஆகக் கடினமான ஷொக் போடவும் வேண்டாம். நீங்கள் வெறுமையாகத் திரும்பும்போது அதனால் துள்ளல் இன்னும் கூடும்.

பின் ஷொக்கை நீங்களே மாற்றலாம். முதல் நாள் மாலையே நட்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு இளக்கும் ஒயில் அடித்து விடுங்கள், காலையில் இன்னொரு தடவை. நம்முடைய செம்மண்ணில் ஜக் புதையும், அடியில் தடித்த பலகை வையுங்கள். முன் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, செசிக்குக் கீழே ஸ்டாண்ட் கொடுத்து, அச்சுக்கு இன்னொரு ஜக் கொடுங்கள். அந்த ஜக் முக்கியம். அது இல்லாவிட்டால் ஷொக்கைக் கழற்றியதும் அச்சு இறங்கி பிரேக் ஹோஸை இழுக்கும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தில் கை வையுங்கள்.

நட்டு அசையாவிட்டால் கிரைண்டரால் வெட்டுங்கள். காஸ் சுவாலை பிடித்துச் சூடாக்கவே கூடாது. ஷொக்குக்குள் ஒயில் இருக்கிறது, பக்கத்தில் எரிபொருள் தாங்கியும் பிரேக் குழாயும் இருக்கின்றன.

புதியதைப் பூட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுதாக அமத்தி இழுங்கள், உள்ளே தங்கிய காற்று வெளியேறும். பூட்டியதும் நட்டை இறுக்க அவசரப்பட வேண்டாம். கையிறுக்கமாக விட்டு, வண்டியை நிலத்தில் இறக்கி, பாரம் சில்லில் வந்த பிறகு இறுக்குங்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால் ஷொக்கைப் பூட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ் முறுகியபடியே நின்று சீக்கிரம் கிழியும். நம்மூரில் புஷ்ஷுக்குக் கிறீஸ் பூசும் பழக்கம் உண்டு, அது ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும்.

முன் இரண்டையும் இதேபோலச் சோதித்து, கெட்டிருந்தால் மாற்றுங்கள், இல்லாவிட்டால் காசை மிச்சப்படுத்தலாம். 2004இல் வந்த ஹைலக்ஸ் வீகோ போன்றவற்றில் முன் ஷொக் கொயில் ஸ்பிரிங்குக்கு உள்ளே இருக்கும். அந்த வேலையை முற்றத்தில் தொடாமல் உரிய கருவி உள்ள கராஜுக்கு விடுங்கள்.

சரி, பதிவதற்கு வருவோம். பிளேட் வேலை செய்பவரிடம் காட்டி, உடைந்த பிளேட் இருக்கிறதா, வளைவு தட்டையாகிவிட்டதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வளைவு எடுக்கலாம், அல்லது பிளேட் மாற்றலாம். பிளேட்டின் நுனியைச் செசியோடு இணைக்கும் ஷக்கிளை நீளமானதாகப் போட்டு உயர்த்தித் தருகிறேன் என்றால் சம்மதிக்காதீர்கள். சில ஹைலக்ஸ்களில் பின் அச்சுக்கும் செசிக்கும் இடையில் ஒரு கம்பி போகும். பாரத்தைப் பொறுத்துப் பின் பிரேக்கின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் கம்பி அது. ஷக்கிளை நீட்டினால், மூட்டை இருக்கும்போதும் வண்டி வெறுமையாக இருக்கிறது என்று அந்த வால்வு எடுத்துக்கொள்ளும், பின் பிரேக் குறையும். பிளேட் வேலை செய்வித்தாலும் அந்தக் கம்பியின் அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.