எந்த வாடிக்கையாளர்?

அன்புள்ள ஐயா,

பெங்களூரில் ஒரு மேலாண்மை ஆலோசனை நிறுவனத்தில் இருக்கிறேன். ஒரே துறையின் இரண்டு போட்டி நிறுவனங்களுக்கு எங்கள் ஆட்களே யோசனை சொல்கிறார்கள். இரண்டு அணிகளும் ஒன்றோடொன்று பேசாது என்கிறார்கள். மதியம் ஒரே கேன்டீனில்தான் சாப்பிடுகிறோம். 'வாடிக்கையாளர் நலனே முதன்மை' என்ற நடத்தை விதிகளில் கையெழுத்தும் போட்டிருக்கிறேன். இதில் அறம் எங்கே? வேலையை விட்டுவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வேலையை விடுவதைப் பற்றி வீட்டில் கேளுங்கள். கேன்டீன் விஷயத்தையும் விடுங்கள், சாப்பாட்டு மேஜையில் யாரும் சந்தைத் திட்டம் பேசுவதில்லை. என்னை நிறுத்தியது 'வாடிக்கையாளர் நலனே முதன்மை' என்ற அந்த விதிதான். உங்கள் நிறுவனத்தைப் போன்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனமான மெக்கின்ஸியின் வழக்கைப் படித்ததிலிருந்து அது என்னை அரித்துக்கொண்டிருக்கிறது.

ஆக்ஸிகான்டின் வலிமாத்திரையை, அடிமையாக்கும் அபாயம் குறைவு என்று ஏமாற்றி விற்றதாக அமெரிக்க மருந்து நிறுவனமான பர்டூ 2007இலேயே நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அப்புறமும், 2013இல், விற்பனையை முடுக்கிவிட வழி சொன்னது மெக்கின்ஸி. 2017இல் இன்னொரு யோசனை: மாத்திரையை அளவு மீறிச் சாப்பிட்டு ஆபத்துக்கு ஆளாகிற, அடிமையாகிற ஒவ்வொருவருக்காகவும் ஒரு தொகையை மருந்து விநியோகிக்கும் நிறுவனங்களுக்குப் பர்டூ தள்ளுபடியாகத் தரலாம். ஒரு கணக்கில் அந்தத் தொகை 14,810 டாலர். சற்று யோசியுங்கள், அந்தப் பத்து டாலர் வரைக்கும் யாரோ இரவு கண்விழித்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். உங்களைப் போன்ற கெட்டிக்காரப் பிள்ளையாகத்தான் இருக்கும். உங்கள் விதிப்படி அவர் செய்தது பழுதில்லாத வேலை. வாடிக்கையாளர் நலனைத்தானே முதலில் வைத்தார்? செத்தவர் வாடிக்கையாளர் இல்லையே.

அதே காலத்தில் மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்கும் மெக்கின்ஸி ஆலோசகர்தான். குறைந்தது 22 பேர் இரண்டு பக்கமும் வேலை பார்த்ததாக அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் 2022 அறிக்கை சொல்கிறது. இப்போது எந்த வாடிக்கையாளரின் நலன் முதன்மை? விதியில் அதற்கு ஒரு வரி இருக்கிறதா?

எங்கள் பெரியப்பா நிலத் தரகர். வாங்குபவர், விற்பவர் இருவரிடமும் கமிஷன் வாங்குவார். ஆனால் முன்பணம் கைமாறும் முன் டீக்கடை பெஞ்சில் இருவரையும் உட்கார வைத்து, சிகரெட் அட்டையில் இரண்டு தொகையையும் எழுதி நடுவில் போடுவார். பிடிக்காதவர் எழுந்து போகலாம், சிலர் போயும் இருக்கிறார்கள். மெக்கின்ஸி எஃப்.டி.ஏ.விடம் பர்டூ வேலையைச் சொல்லவே இல்லை என்பதுதான் அந்த அறிக்கையின் முக்கியக் குற்றச்சாட்டு.

2021இல் அமெரிக்க மாநிலங்களுக்கு 57 கோடி டாலர், 2024இல் அந்நாட்டு மத்திய அரசுடன் 65 கோடி டாலர் என்று கணக்கு தீர்த்தார்கள். ஆவணங்களை அழித்ததற்காக மெக்கின்ஸியின் முன்னாள் மூத்த பங்குதாரர் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அவரும் உங்களைப் போலக் கையெழுத்துப் போட்டவராகத்தான் இருப்பார்.

'அறம் எங்கே' என்று இவ்வளவு கனமாகக் கேட்கிறீர்களே, தம்பி, சின்னக் கேள்வியை விட்டுவிட்டீர்கள். அந்த இரண்டு போட்டியாளர்களுக்கும் ஒருவரைப் பற்றி மற்றவருக்குத் தெரியுமா? திங்கட்கிழமை உங்கள் மேலாளரிடம் கேளுங்கள். வாயால் வேண்டாம், மின்னஞ்சலில் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.