குஷன் கடை கேள்வி பதில்: பழைய ஃபோர்டுக்குப் புது சீட்டு

கேள்வி: வணக்கம் அக்கா. அப்பா விட்டுப்போன 1970 ஃபோர்டு எஃப்-100 பிக்கப் என்னிடம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த, வலப்பக்க ஸ்டியரிங் வண்டி. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் தண்ணீர்ப் பந்தல் சாமான்களை அதில்தான் பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏற்றிப் போவோம். முன்னால் நான், மனைவி, நடுவில் அம்மா. பழைய பெஞ்சு சீட்டு முழுக்க ஒரே துண்டு. கிளட்ச் எட்டவில்லை என்று நான் சீட்டை முன்னால் இழுத்தால் அம்மாவின் முழங்கால் டேஷ்போர்டில் இடிக்கிறது. தலைக்குச் சாய்மானமும் இல்லை. நண்பர் ஒருவர் 2000க்குப் பிந்திய அமெரிக்க பிக்கப் ஒன்றின் 40/20/40 ஸ்பிளிட் பெஞ்ச் சீட்டை (அகலத்தை 40, 20, 40 பங்காகப் பிரித்த மூன்று துண்டுச் சீட்டு) முழுச் செட்டாகத் தருகிறேன் என்கிறார். தரையில் துளை போட்டு முடுக்கினால் போதுமாம். போடலாமா?
- வாசகர், பட்டர்வொர்த்

பதில்: போடலாம் தம்பி. ஆனால் "துளை போட்டு முடுக்கினால் போதும்" என்பதை மட்டும் நம்பாதீர்கள்.

சுங்கை பினாங்கில் அப்பாவின் குஷன் கடையை நான் எடுத்து நடத்த ஆரம்பித்து 26 வருடம் ஆகிறது. சீட்டு வேலைக்கு வருகிறவர்கள் நிறத்தைச் சொல்வார்கள், தையலைச் சொல்வார்கள். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பெல்ட் எங்கே கட்டியிருக்கிறது? உங்களுக்கும் அதே கேள்வி.

உங்கள் வண்டியின் காலத்தில் சீட்டுக்கு ஒரே வேலை, ஆளைச் சுமப்பது. பெல்ட்டின் பாரத்தைத் தரையும் கேபின் தூணும் தாங்கின. பின்னாளில் வந்த சில பிக்கப்களில் கதை மாறிவிட்டது. 1999இல் வந்த சில்வராடோவின் நீண்ட கேபின் வண்டிகளைப் பாருங்கள், பெல்ட் சீட்டின் தோளிலிருந்தே வரும். மோதும்போது ஆளின் மொத்த இழுப்பும் சாய்மானத்தின் உச்சியில் விழும். அப்போது சீட்டின் முன் கால்கள் தரையை அழுத்தும், பின் கால்கள் தரையைப் பிய்த்துக்கொண்டு மேலே வரப் பார்க்கும். புது வண்டியின் தரையை அதற்கென்றே தடித்த இரும்பு கொடுத்துக் கட்டியிருப்பார்கள். உங்கள் எஃப்-100இன் தரை வெறும் தகடு. இடுப்பு பெல்ட்டின் பிடிமானம் 5,000 பவுண்டு இழுப்பைத் தாங்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. கிலோவில் ஏறக்குறைய 2,270. இரண்டு மைவி காரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிற பாரம் அது.

ஆகவே நண்பரின் சீட்டில் தோள் பக்கம் பெல்ட் வெளியே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்தச் செட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தரையை வண்டியின் அடிச்சட்டத்தோடு (சேசிஸ்) பிணைத்து, பொறியாளர் கணக்குப் போட்டுச் செய்தால் முடியும். பட்டறையில் கண்ணளவில் செய்கிற வேலை இல்லை அது. பெல்ட் இல்லாத சீட்டாக எடுங்கள். பெல்ட்டைத் தூணிலும் தரையிலும் தனியாகக் கட்டிக்கொள்ளலாம்.

அடுத்து தரை. கார்ப்பெட்டை முழுசாகத் தூக்கிவிட்டு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். நம் ஊர் மழைக்குக் கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் தண்ணீர் கார்ப்பெட்டுக்கு அடியில்தான் தங்கும். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், கீழே அப்பளம் மாதிரி நொறுங்கும். நல்ல தகடு கிடைக்கும்வரை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகட்டை வெல்டிங் வைத்து ஒட்ட வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு 3 மி.மீ. இரும்புத் தகடு வையுங்கள், மூலைகளை உருட்டிவிடுங்கள். கூர் மூலை தரைத் தகட்டைக் கிழிக்கும். பெல்ட்டுக்கு 7/16 அங்குல போல்ட்டு, அங்குலத்துக்கு 20 மரை உள்ளது. தலையில் ஆறு கோடு இருந்தால் அது கிரேடு 8. சீட்டுக் கால்களுக்கு மில்லிமீட்டர் போல்ட்டு என்றால் 10.9 என்ற எண் இருக்கட்டும். தலையில் ஒரு குறியும் இல்லாத போல்ட்டை என் கடையில் சீட்டுக்குப் பக்கத்தில்கூட வைப்பதில்லை.

இப்போது முக்கியமான விஷயம். 1967 முதல் 1972 வரை வந்த எஃப்-100களில் பெட்ரோல் டாங்க் கேபினுக்குள்ளேயே, சீட்டின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். உங்களுடையது 1970. பிராக்கெட் வெல்டிங் செய்வதற்கு முன்னால் டாங்க்கைக் கழற்றி வாசலுக்கு வெளியே, தூரமாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பெட்ரோலை வடித்துவிட்டேன் என்று சொல்வது போதாது. எனக்கு 17 வயது இருக்கும்போது இப்படி ஒரு பிக்கப் எங்கள் கடைக்கு வந்தது. டாங்க் காலிதானே என்று அப்பா கிரைண்டரை வைத்தார். பொறி பறந்தது. ஒரு ஊதல் சத்தம், நீலமாக ஒரு தீ. அப்பாவின் புருவமும் முன்கை முடியும் போயின, இடது கண்ணில் இரண்டு வாரம் கட்டுப் போட்டிருந்தார். நிறைந்த டாங்க்கைவிடக் காலி டாங்க் மோசம். காற்றோடு கலந்த ஆவிதான் வெடிக்கும். அன்றைக்குத் தப்பியது சாமி புண்ணியம் என்று அம்மா இன்றும் சொல்வார்.

அந்த டாங்க்கால் இடமும் குறையும். புது சீட்டின் சாய்மானம் தடிமனாக இருக்கும், சாய்க்கும் கீலும் பின்னால் துருத்தும். டாங்க்கை ஒட்டி நிறுத்தினால் சாய்க்கவே வராது, ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் இடம் சுருங்கும். எதையும் வெட்டுவதற்கு முன் பழைய சீட்டில் உட்கார்ந்து மூன்று அளவு எடுங்கள்: தரையிலிருந்து அமுங்கிய இருக்கை வரை, தலையிலிருந்து கூரை வரை, தொடையிலிருந்து ஸ்டியரிங் வரை. பிறகு புது சீட்டைப் பலகைத் துண்டுகள் மேல் நிறுத்தி உட்கார்ந்து, கிளட்சை முழுசாக மிதித்துப் பாருங்கள். ஒரு முறை எங்களிடம் வந்த வண்டியில் சீட்டு இரண்டு அங்குலம் ஏறியிருந்தது. கண்ணாடியின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக நின்றதால் குனிந்தால்தான் சிக்னல் தெரிந்தது. மோட்டார் வைத்த சீட்டு என்றால் உயரம் இன்னும் கூடும்.

அமெரிக்க சீட்டு இடப்பக்கம் ஓட்டுகிறவருக்குச் செய்தது. நம் வண்டியில் வலப்பக்க சீட்டு உங்களுக்கு வரும். கைப்பிடிகள் கதவுப் பக்கமே இருப்பதால் தொந்தரவில்லை. ஆனால் உயர்த்தும் மோட்டாரும் இடுப்புத் தாங்கியும் இடப்பக்க சீட்டில் மட்டும் இருந்தால், அந்த வசதி உங்கள் மனைவிக்குப் போய்விடும். 40/20/40இல் இத்தோடு முடிந்தது. யாராவது 60/40 சீட்டு கொண்டுவந்தால் 60 பங்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். அது ஓட்டுநர் பக்கம் விழுந்தால் நீங்கள் இழுக்க இழுக்க நடுவில் இருப்பவரும் கூடவே வருவார், நீங்கள் எழுதிய அதே பிரச்சினைதான். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் இணைப்பு இருந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட்டை இறுக்கும் வெடிமருந்துக் குப்பி சம்பந்தப்பட்டது. அதைச் சோதிக்கக் கரண்ட் கொடுக்காதீர்கள், தெரிந்தவரிடம் கழற்றக் கொடுங்கள்.

கியர் ஸ்டியரிங் தண்டிலா தரையிலா என்று நீங்கள் எழுதவில்லை. தரையில் என்றால் நடுவில் ஆள் உட்காரும் பேச்சே வேண்டாம். தண்டில் என்றாலும், தம்பி, அம்மாவை நடுவில் வைக்காதீர்கள். அந்த 20 பங்கு சீட்டை மடக்கினால் கைதாங்கியாகும்படி செய்திருப்பார்கள், உள்ளே ஸ்பான்ச் மெல்லிசு, அடியில் கடினப் பலகை. பட்டர்வொர்த்திலிருந்து தண்ணீர்மலை போய்ச் சேர்வதற்குள் வயதானவர்களுக்கு இடுப்பு விட்டுப்போகும். தரை மேடு வேறு, கால் நீட்ட முடியாது. அங்கே பெரும்பாலும் இடுப்பு பெல்ட் மட்டும்தான் கட்ட வரும். அம்மாவைக் கதவோரம், தோள் பெல்ட்டோடு உட்கார வையுங்கள். மனைவி நடுவில் உட்காரட்டும், அவருக்கு நான் ஸ்பான்ச்சை மாற்றித் தருகிறேன்: அடியில் கெட்டி ஸ்பான்ச் ஒரு அடுக்கு, மேலே மென்மையானது ஒன்று. இடுப்பு பெல்ட் வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பில் படியும்படி இரு முனையையும் தரையில் கட்ட வேண்டும்.

கிராண்ட்டில் (வண்டிப் பதிவுச் சான்றில்) எழுதியிருக்கும் இருக்கை எண்ணிக்கையும் நீங்கள் போடுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். வேலையைத் தொடங்கும் முன் படம் எடுத்துக்கொண்டு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பழைய பெஞ்சை விற்றுவிடாதீர்கள். அதன் ரெயில் துளைகளைக் கெடுக்காமல் பிராக்கெட் செய்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் போடலாம்.

கேள்வி: அக்கா, என்னிடம் டாட்சன் 620 பிக்கப் இருக்கிறது. சீட்டு நடுவில் குழி விழுந்துவிட்டது. எல்லாரும் புது சீட்டு போடச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை.
- வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: மாற்றாதீர்கள். அந்தக் குறுகிய கேபினுக்கு அளந்து செய்த சீட்டு அது, புதியது எதைப் போட்டாலும் கதவில் உரசும். குழி விழுந்ததற்கு ஸ்பிரிங் காரணமாக இருக்கும், அல்லது ஸ்பிரிங்குக்கும் ஸ்பான்ச்சுக்கும் நடுவில் இருந்த சாக்கு மட்கியிருக்கும். சாக்கு போனால் கம்பி ஸ்பான்ச்சை அறுத்துக்கொண்டே போகும். உடைந்த ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, புதுச் சாக்கு இழுத்துக் கட்டி, அதன்மேல் ஸ்பான்ச் போட்டால் போதும். மேலுறை கிழிந்திருந்தாலும் குப்பையில் போடாமல் ஒரு பையில் வைத்துக்கொண்டு வாருங்கள், புது ரெக்சினை அதை வைத்துத்தான் வெட்டுவேன்.