துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள்

நூற்பாலைகளில் பணியாளர் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர்களின் பணியிடக் கேள்விகளுக்குப் பதில் தருகிறார்.

கேள்வி: பின்னலாடை நிறுவனத்தில் உற்பத்தி மேலாளராக இருக்கிறேன். திங்கள்கிழமைதோறும் கூட்டம். முதலாளி வந்து அமர்ந்ததும், "இந்த ஆர்டர் இருபதாம் தேதி கப்பல் ஏறுகிறது" என்பார். எல்லோரும் தலையாட்டுவோம். டீக்கடைக்குப் போன பிறகுதான், "சாயப்பட்டறையிலிருந்து துணியே வரவில்லையே" என்று பேசிக்கொள்வோம். இதை மாற்ற முடியுமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: உங்கள் நிறுவனத்தின் கூட்டம் டீக்கடையில் ஒழுங்காகத்தான் நடக்கிறது. முதலாளிக்குத்தான் அழைப்பு இல்லை.

கோழைத்தனம் என்று உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம். அமெரிக்காவில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர், கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொல்லும் சோதனை ஒன்றை நடத்தி 1951-இல் வெளியிட்டார். விடை கண்ணுக்கு நேரே தெரியும். ஆனால் அறையில் இருந்த மற்றவர்கள், முன்பே பேசிவைத்தபடி, தவறான விடையைச் சொன்னார்கள். விவரம் அறியாமல் வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஒருமுறையாவது அதற்கு ஒத்துப் பாடினார்கள். இத்தனைக்கும் அங்கே சம்பளம் தருகிற முதலாளி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை! சரியான விடையைச் சொல்ல இன்னொருவர் உடன் இருந்தபோது, இந்த ஒத்துப்பாடல் பெருமளவு குறைந்தது. ஆகவே தனியாளாக எழுந்து நிற்காதீர்கள். கட்டிங் மாஸ்டரிடம் சனிக்கிழமையே பேசிவையுங்கள்.

அடுத்தது, பேசும் வரிசை. கோர்ட் மார்ஷலில், அதாவது ராணுவ நீதிமன்றத்தில், உறுப்பினர்களின் கருத்தைக் கேட்கும்போது பதவியில் இளையவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்கின்றன, 1954-ஆம் ஆண்டின் இந்திய ராணுவ விதிகள். கர்னல் வாய் திறந்த பிறகு கேப்டன் வேறென்ன சொல்லிவிடப் போகிறார்?

இதையே முதலாளியிடம் எல்லோர் முன்னிலையிலும் சொன்னால் வம்பு. தனியே போய், "சார், ஒவ்வொரு பிரிவும் தனக்கு எத்தனை நாள் வேண்டும் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும். பார்த்துவிட்டு நீங்கள் தேதி சொல்லுங்கள்" என்று கேளுங்கள். துணி வரவு, கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று சீட்டுகள் மேசைக்கு வந்தால் அவரே கூட்டிப் பார்த்துக்கொள்வார். எதிர்த்துப் பேசினால் சீறுகிற முதலாளிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். கூட்டல் கணக்கைப் பார்த்துச் சீறியவர்கள் குறைவு. கப்பலைத் தவறவிட்ட சரக்கை விமானத்தில் அனுப்பினால் என்ன செலவாகும் என்று உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

கேள்வி: கருத்து வேறுபாடு வந்தால் ஓட்டெடுப்பு நல்லதா, எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை பேசுவது நல்லதா?
- வாசகர், மதுரை

பதில்: ஆண்டு விழாவுக்குப் பிரியாணியா, சாப்பாடா என்றால் கை தூக்கச் சொல்லி முடித்துவிடுங்கள். ஷிப்ட் நேரத்தை மாற்றுவதென்றால், அந்த ஷிப்டில் நிற்கப்போகிறவர்கள் சம்மதிக்கும்வரை பேசுங்கள். தோற்றவர்கள்தான் வேலையைச் செய்ய வேண்டும் என்றால் ஏழுக்கு ஐந்து என்ற வெற்றியால் பயனில்லை.

கேள்வி: எங்கள் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். கூட்டக் குறிப்பு எழுதும் வேலை எப்போதும் என் தலையில்தான் விழுகிறது. மறுப்பது எப்படி?
- வாசகி, ஓசூர்

பதில்: மறுக்க வேண்டாம், பெயர்களின் அகர வரிசைப்படி முறை வைக்கச் சொல்லுங்கள். பேனா பிடித்தவர் பாதிப் பேச்சைத் தவறவிடுவார் என்பதே போதுமான காரணம். எழுதுவதும் நீளமாக வேண்டாம். என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்பதை எழுதி, எல்லோரும் எழுந்திருக்கும் முன் உரக்கப் படித்துவிட வேண்டும். இயக்குநர் குழுக் கூட்டத்தின் மினிட்ஸைப் பதிவு செய்ய 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் முப்பது நாள் தருகிறது. உங்கள் பிரிவுக் கூட்டத்துக்கு அத்தனை நாள் எதற்கு? அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அனுப்பிவிடலாம். அடுத்த முறை நோட்டை உங்கள் பக்கம் தள்ளினால், இன்று யார் முறை என்று கேட்டு அவர் பக்கம் நகர்த்துங்கள்.