கறந்த பால் காத்திருக்காது

தம்பி, மும்பை டிராம்பே, கல்பாக்கம்னு அணு ஆராய்ச்சிக்கு கோடி கோடியா கொட்டுறதை ஆதரிச்சு நீங்க எழுதினது எனக்கு ஒப்பல. வைத்தியத்துக்கு ஐசோடோப்பு, அதான் கதிர்வீசுற மருந்துச் சரக்கு, வேணும்னா வெளிநாட்டுல வாங்கிக்கலாம், இல்ல தனியார் செய்யட்டும். நம்ம காரைக்குடி வள்ளல் அழகப்பர் கைக்காசு போட்டு ஆய்வகத்துக்குச் செய்யலையா?
— தேவகோட்டை வாசகர்

அண்ணே, வணக்கம்.

வாங்கலாம்ணே, வாங்கி வைக்க முடியாது, அதான் சிக்கலே. எலும்பு ஸ்கேனுக்குப் போடுற டெக்னீசியம்-99எம்ங்கிற ஐசோடோப்பு 6 மணி நேரத்துல தானா சிதைஞ்சு பாதியாயிடும், அது பொறக்குற தாய்ச்சரக்கு மாலிப்டினம்-99, அதுவும் 66 மணி நேரத்துல பாதி, பிளைட் ஒரு நாள் லேட்டானா அஞ்சுல ஒரு பங்குக்கு மேல காலி.

எங்க ஆத்தாவுக்கு மார்புல கட்டி எடுத்தப்புறம் எலும்புக்குப் பரவியிருக்கான்னு பாக்க, காரைக்குடியில விடியக்காலமே கார் புடிச்சு மதுரைக்குக் கூட்டிட்டுப் போனோம், போய் உக்காந்தப்புறம் சரக்கு வரல அடுத்த வாரம் வாங்கன்னுட்டாங்க. திரும்புறப்ப திருப்பத்தூர் தாண்டுற வரைக்கும் ஆத்தா வாயே திறக்கல.

மறுவாரம் அந்த டெக்னீசியன் தம்பி விளக்கிச் சொன்னுச்சு. மாலிப்டினத்தை உள்ள வச்சு ஈயத்தால மூடின ஒரு டப்பா, ஒரு ஊசியில உப்புத்தண்ணி பாட்டில், இன்னொண்ணுல காத்தை எடுத்துட்ட காலி பாட்டில், அது உறிஞ்ச உறிஞ்ச உள்ள இருந்து மருந்து இறங்கும். பால் கறக்குறதுன்னே சொல்லுவாங்களாம். ஊசி போட்டு மூணு மணி நேரம் ஆத்தா தண்ணி குடிச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு. நல்லவேளை, பரவல.

சரி, மாட்டை யாரு வளர்க்கிறது, அதாவது அந்த மாலிப்டினத்தை யாரு செய்யுறது? கனடாவுல சாக் ரிவர் அணு உலை, 1957-ல ஓட ஆரம்பிச்சது, ஒரு காலத்துல உலகத் தேவையில மூணுல ஒரு பங்கு போல அங்கருந்துதான் வந்துச்சு. 2009-ல கனநீர் கசிஞ்சு ஒரு வருசத்துக்கு மேல மூடிட்டாங்க, மாத்தா கட்டின ரெண்டு உலையையும் சரிவரலைன்னு 2008-லயே கைவிட்டாச்சு, காசு இருக்கிற நாடுகள்லயே ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டியதாச்சு. ஐசோடோப்பு வித்து வர்ற காசு உலை கட்டின செலவுக்கு காணவே காணாதுண்ணே, அதனாலதான் பெரும்பாலும் சர்க்கார் கட்டின உலையிலதான் சரக்கு வேகுது.

நம்ம நாட்டுல டிராம்பேல இருக்கிற துருவா உலை 1985-ல ஓட ஆரம்பிச்சுச்சு, தைராய்டு புத்துநோய்க்குக் குடுக்கிற அயோடின்-131ல்லாம் டிராம்பேல செஞ்சு வர்றதுதான்.

அழகப்பரைச் சொன்னீங்க. காரைக்குடியில மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்தாரு, 1948-ல நேரு வந்து அடிக்கல் நாட்டினாரு, ஆனா அந்த ஆய்வகத்தைத் தன் கம்பெனியா வச்சுக்கல, நாட்டுக்குன்னு குடுத்துட்டாரு. வியாபாரத்துல மகமைன்னு பொதுக்காரியத்துக்கு ஒரு பங்கு எடுத்து ஊருணி வெட்டின ஊருக்காரங்க நாம, ஊருணியில லாபம் என்னன்னு எந்த ஐயாவும் கேட்டதில்ல.

கணக்கை வெளிப்படையா வைக்கச் சொல்லுங்க, நானும் கூட நின்னு கேக்குறேன். ஆனா துருவாவுக்கும் 40 வயசாச்சு, ஒரு உலை கட்டி முடிக்கப் பல வருசமாகும், அடுத்ததுக்கு இப்பவே காசு ஒதுக்கணும்ணே.