அடுத்து எந்த வெளிநாட்டு மொழி? பேச ஆள் இருக்கும் மொழி

“வயது 24, ஊர் கல்முனை. தமிழும் ஆங்கிலமும் நன்றாகத் தெரியும், சிங்களம் சமாளிப்பேன். அடுத்ததாகக் கொரியன், ஜப்பானியம், ஜேர்மன், அரபு இவற்றில் எதைப் படிக்கலாம்? வேலைக்கு உதவினால் நல்லது, ஆனால் வேலைக்காக மட்டும் இல்லை” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மட்டக்களப்பு. இதே கேள்வியோடு சில வருடங்கள் அலைந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இணையத்தில் தேடினால் அமெரிக்க இராஜதந்திரிகளுக்கு மொழி கற்பிக்கும் நிறுவனத்தின் அட்டவணை ஒன்று உங்கள் கண்ணில் படும். பிரெஞ்சும் போர்த்துக்கீசமும் எளிது, கொரியனும் ஜப்பானியமும் அரபும் மிகக் கடினம், 2200 வகுப்பு மணித்தியாலம் வேண்டும் என்று அதில் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் போட்ட கணக்கு அது. நமக்கு அது பல இடங்களில் தலைகீழாக மாறும்.

கொரியனையே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் மதில்களிலும் மின்கம்பங்களிலும் கொரிய மொழி வகுப்பு விளம்பரம்தான். நானும் ஒன்றில் சேர்ந்தேன். எழுத்து ஒரு வாரத்தில் பிடிபட்டது. அரசர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட எழுத்து அது. சாதாரண மக்கள் சுலபமாகப் படிக்க வேண்டும் என்றே செய்தது, அடிப்படை எழுத்துகள் 24தான். இலக்கணம் அதைவிடச் சந்தோஷம். ‘நானுன் பபுல் மொகொயோ’ என்றால் ‘நான் சோற்றைச் சாப்பிடுகிறேன்’. சொல்லுக்குச் சொல் அதே வரிசை. ‘பப்’ சோறு, ‘உல்’ நம் ஐ உருபு. வினை கடைசியில். பெரியவருக்கு ஒரு பேச்சு, தோழனுக்கு ஒரு பேச்சு என்பதும் நமக்குப் புதிதில்லை. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் மாதக்கணக்கில் போராடும் இடத்தை நாம் ஒரு மாலையில் கடந்துவிடலாம். ஜப்பானியமும் இதே அமைப்புத்தான், ஆனால் அங்கே அன்றாடப் பாவனைக்கென்று வகுத்த ‘கஞ்சி’ எனப்படும் சீன வழி எழுத்துகள் மட்டும் 2136. (சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் தமிழும் ஜப்பானியமும் உறவு என்றே வாதிட்டார். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. உறவோ இல்லையோ, அமைப்பு ஒத்துப்போவது படிக்கிறவனுக்குப் பெரிய உதவி.)

அப்படியிருந்தும் எட்டு மாதத்தில் கொரியனை விட்டேன். நான் போன வகுப்பு முழுக்க முழுக்கப் பரீட்சைக்கானது. தொழில் விசாவுக்கான அந்த மொழிப் பரீட்சையில் வாசித்தலும் கேட்டலும்தான் இருக்கிறது. சரியான விடைக்கு அடையாளம் போடப் பழகினேன். வீதியில் இறங்கினால் அந்த மொழியில் ஒரு வார்த்தை பேச எனக்கு ஆள் இல்லை. கொரியாவுக்குப் போகும் எண்ணமும் எனக்கு இருக்கவில்லை. எண்ணம் இருந்த நண்பர்கள் நின்று படித்தார்கள், போனார்கள், இன்று நன்றாகப் பேசுகிறார்கள்.

அங்கேதான் எனக்கு விஷயம் விளங்கியது. கடினமா எளிதா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அந்த மொழியில் வாரத்துக்கு இரண்டு மணித்தியாலமாவது உங்களோடு யார் பேசப்போகிறார்கள் என்பது.

என் மச்சான் ஒன்பது வருடம் கட்டாரில் கட்டட வேலையில் இருந்தார். திரும்பி வந்தபோது அவர் சரளமாகப் பேசியது இந்தி. கூட வேலை செய்தவர்கள் பேசிய மொழி அது. எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா குவைத்தில் ஒரு வீட்டில் ஆறு வருடம் இருந்தவர். ஒரு எழுத்துக்கூட அரபில் எழுதத் தெரியாது, ஆனால் தொலைபேசியில் அந்த வீட்டுப் பிள்ளைகளோடு அவர் அரபு பேசுவதைக் கேட்டால் அங்கேயே பிறந்தவர் என்று நினைப்பீர்கள்.

எனக்கு அந்த ஆள் கிடைத்தது பக்கத்து வீட்டில். அவர் பறங்கியர் (ஐரோப்பிய வழிவந்த சமூகத்தவர்), தச்சு வேலை செய்பவர், 70 வயது தாண்டியவர். நான் சிறுவனாக இருந்தபோதிருந்தே அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். வீட்டுக்குள் அவரும் மனைவியும் பேசுவது போர்த்துக்கேயக் கிரியோல், அதாவது போர்த்துக்கீசம் இங்குள்ள மொழிகளோடு கலந்து உருவான பாஷை. போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டியது 1628, ஒல்லாந்தர் அதைப் பிடித்தது 1638. வெறும் பத்து வருடம்! ஆனால் அந்தப் பாஷை இன்றும் மட்டக்களப்பில் சில வீடுகளில் உயிரோடு இருக்கிறது. டச்பார்ப் பக்கம் பறங்கியர் குடும்பங்களைச் சுனாமி அள்ளிக்கொண்டு போனபோது அதைப் பேசிய பலரும் போனார்கள். சொல்லும்போதே மனம் கனக்கிறது.

ஒருநாள் அவர் மனைவியிடம் ஏதோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வினை கடைசியில் வந்தது. ஐரோப்பிய மொழி, ஆனால் நூற்றாண்டுகளாகத் தமிழோடு வாழ்ந்து நம்முடைய வாக்கிய வரிசையைத் தனதாக்கிக்கொண்டிருக்கிறது. காலம் காட்டும் விதம் இன்னும் அழகு. நடந்து முடிந்ததற்கு வினைக்கு முன் ‘ஜா’, நடக்கப்போவதற்கு ‘லோ’. போர்த்துக்கீசத்தில் ‘ஏற்கெனவே’, ‘பிறகு’ என்று பொருள்படும் சொற்களிலிருந்து வந்தவை. அன்றைக்கே போர்த்துக்கீசம் படிப்பது என்று முடிவெடுத்தேன்.

சொற்களில் பாதி எனக்கு முன்பே தெரிந்திருந்ததுபோல இருந்தது. கதிரை, மேசை, அலுமாரி, யன்னல், சப்பாத்து, குசினி, விறாந்தை, வாங்கு, பாண், லேஞ்சி எல்லாம் அங்கிருந்து நமக்கு வந்தவை. பாடத்துக்கு இணையத்தில் ஐரோப்பியப் போர்த்துக்கீசம், பேச்சுக்கு ஞாயிறு பின்னேரம் அங்கிளின் பட்டறை. இரண்டும் ஒன்றில்லை. புத்தக மொழியில் ஆளுக்கு ஒரு வினைவடிவம், நிறையத் திணறினேன். ஆனால் இரண்டு வருடமாக ஒரு வாரம்கூட விடவில்லை. கொரியனில் எனக்கு இல்லாமல் போனது அதுதான்.

சரி, உங்கள் விஷயம். கொரியா போகும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால் கொரியனை எடுங்கள். வயதெல்லை 18 முதல் 39, உங்களுக்குக் காலம் இருக்கிறது. ஜேர்மன், தாதியர் வேலைக்கோ தொழிற்பயிற்சிக்கோ போகத் தீர்மானித்தவர்களுக்கு நல்லது. தீர்மானம் இல்லாமல் தொடங்கினால் முதல் இரண்டு படியோடு நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த இரண்டும் இல்லை என்றால் நான் அரபு என்பேன். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று உங்களைச் சுற்றி மத்ரசாவில் ஓதி எழுத்து நன்றாகத் தெரிந்தவர்களும், வளைகுடாவில் இருந்து பேச்சுப் பழகி வந்தவர்களும் இருக்கிறார்கள். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் என்று பீடமே இருக்கிறது. மூன்று எழுத்து வேரிலிருந்து சொற்கள் கிளைப்பதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். க்-த்-ப் என்ற ஒரே வேரிலிருந்து, கிதாப் என்றால் நூல், காதிப் எழுதுபவர், மக்தப் எழுதும் இடம், மக்தூப் எழுதப்பட்டது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். நூல் அரபில் ‘கைஃப ஹாலுக்க’ என்று நலம் கேட்பதைக் குவைத்தில் ‘ஷலோனக்’ என்பார்கள். எழுத்தை ஒரு மௌலவியிடமும் பேச்சை வளைகுடா போய்வந்த ஒருவரிடமும் படியுங்கள். இரண்டாமவரை வகுப்புத் தேடுவதற்கு முன்பே தேடிப் பிடியுங்கள். உங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கக்கூடும், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.