பி0452 குறியீடு: சென்சாரை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை

நியூ ஜெர்சியில் வசிக்கும் வாசகர் ஒருவர், தம் 2011ஆம் ஆண்டுக் காரில் செக் இன்ஜின் விளக்கு எரிவதாகவும், காரின் கம்ப்யூட்டர் பதிவு செய்த பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரில் பி0452 என்ற குறியீடு காட்டுவதாகவும், பெட்ரோல் டேங்க் மூடியைப் புதிதாக வாங்கிப் போட்டும் விளக்கு அணையவில்லை என்றும் எழுதியிருக்கிறார். டேங்கை இறக்கி, அதன் உள்ளழுத்தத்தை அளக்கும் சென்சாரை மாற்றியாக வேண்டும் என்று பணிமனையில் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதம் மாநிலப் புகைச் சோதனை வருவதால் உடனே மாற்றிவிடலாமா என்று கேட்கிறார்.

பொறுங்கள். இந்தக் குறியீட்டுக்கும் மூடிக்கும் தொடர்பில்லை. சென்சார்தான் கெட்டிருக்கிறது என்பதும் இன்னும் உறுதியாகவில்லை.

டேங்கில் உண்டாகும் பெட்ரோல் ஆவி வெளிக்காற்றில் கலந்துவிடாமல், கரி நிரப்பிய கேனிஸ்டரில் பிடித்து வைக்கப்பட்டு, வண்டி ஓடும்போது பர்ஜ் வால்வு வழியாக இன்ஜினுக்குள் இழுக்கப்பட்டு எரிக்கப்படுகிறது. இந்த அமைப்பு கசிகிறதா என்று காரின் கம்ப்யூட்டர் அவ்வப்போது சோதிக்கிறது. அதற்கு டேங்கின் அழுத்தத்தைச் சொல்வதுதான் உங்கள் சென்சாரின் வேலை. அது அளப்பது பெரும்பாலும் அரை பிஎஸ்ஐ அளவுக்கு உட்பட்ட மிகச் சிறிய ஏற்ற இறக்கம். கசிவு பெரிதாக இருந்தால் பி0455 வரும். 1 மில்லிமீட்டர் துளை அளவென்றால் பி0442. அதிலும் பாதியென்றால் பி0456. மூடியைச் சந்தேகிக்க வேண்டியது இதுபோன்ற கசிவுக் குறியீடுகளுக்குத்தான். பி0452 என்பதற்குப் பொருள், சென்சாரிலிருந்து வரும் மின்னழுத்தம் இருக்க வேண்டிய அளவுக்கும் கீழே, ஏறக்குறைய பூஜ்யத்தில் கிடக்கிறது என்பதே. ஆகவே இது மின்சுற்றுப் பழுது. சென்சார், அதன் கம்பிகள், கனெக்டர், அரிதாகக் கம்ப்யூட்டர் என எதுவும் காரணமாக இருக்கலாம்.

இதைப் பிரித்தறியும் வழி எளிது. திறந்த வெளியில், அருகில் நெருப்போ பொறியோ இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, டேங்க் மூடியைக் கழற்றிவிட்டு, இன்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் ஆன் நிலையில் வையுங்கள். இப்போது டேங்கின் உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் ஒன்றே. ஸ்கேனரின் நேரடித் தரவில் சென்சார் வோல்ட்டைப் பாருங்கள். பல ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் அது 1.5 வோல்ட் அளவிலும், பல ஃபோர்டு கார்களில் 2.6 வோல்ட் அளவிலும் இருக்கும். உங்கள் காருக்கு உரியதைப் பழுதுபார்ப்புக் கையேட்டில் சரிபாருங்கள். சரியான அளவைக் காட்டினால் பழுது விட்டுவிட்டு வருகிறது என்று பொருள். அப்போது சென்சாருக்குச் செல்லும் கம்பிக்கட்டை அங்கங்கே மெல்ல அசைத்து, எந்த இடத்தில் எண் சட்டென்று விழுகிறது என்று கவனியுங்கள்.

பூஜ்யத்தையே காட்டினால் கனெக்டரைக் கழற்றுங்கள். கழற்றியவுடன் எண் 5 வோல்ட்டுக்குத் தாவினால் சென்சாரே உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது. தாவாவிட்டால், கம்பிப் பக்கத்தில் உள்ள மூன்று முனைகளை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும்: ஒன்றில் 5 வோல்ட், ஒன்றில் எர்த், மற்றொன்று சிக்னல். 5 வோல்ட் வரவில்லையென்றால் வேறு சென்சார்களின் குறியீடுகளும் கூடவே வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பல கார்களில் ஒரே 5 வோல்ட் கம்பி பல சென்சார்களுக்குப் பகிரப்படுவதால், எங்கோ ஒன்று ஷார்ட் ஆனாலும் எல்லாம் படுத்துவிடும். 5 வோல்ட் சரியாக இருந்தால், 3 ஆம்பியர் ஃப்யூஸ் பொருத்திய இணைப்புக் கம்பியால் அந்த முனையைச் சிக்னல் முனையோடு சேர்த்துப் பாருங்கள். ஸ்கேனரில் எண் 5 வோல்ட்டை நெருங்கினால் கம்பியும் கம்ப்யூட்டரும் நலம், சென்சாரை மாற்றலாம். அசையாமல் பூஜ்யத்திலேயே நின்றால் சிக்னல் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது பாடியில் உரசி எர்த் ஆகியிருக்கிறது, அரிதாகக் கம்ப்யூட்டரே காரணமாக இருக்கலாம். அந்த நிலையில் புதுச் சென்சார் போட்டாலும் இதே விளக்கு மறுபடி எரியும்.

குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் ஊர் உங்களுடையது என்பதால், கனெக்டரின் உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்ப்பதை நான் குறிப்பாக வலியுறுத்துவேன். முனையில் களிம்பு ஏறினால் மேலே சொன்ன அளவுகள் எல்லாமே தடுமாறும்.

சென்சார்தான் என்று முடிவானாலும், டேங்கை இறக்குவது எல்லாக் கார்களிலும் தேவைப்படுவதில்லை; சிலவற்றில் பின் இருக்கைக்கு அடியில் திறப்பு இருக்கும், சிலவற்றில் சென்சார் கேனிஸ்டர் பக்கத்தில் இருக்கும். இறக்கத்தான் வேண்டுமென்றால் பெட்ரோல் குறைவாக இருக்கும் நாளில் கொண்டுபோங்கள்.

சோதனை நாளைப் பற்றி: விளக்கு எரிந்தால் தேர்ச்சி கிடையாது. முந்தின நாள் குறியீட்டை அழித்துவிட்டுப் போவதும் உதவாது, ஏனெனில் கம்ப்யூட்டர் காரின் புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகளைத் தானே சோதிக்கும் தற்சோதனைகளில் பெரும்பாலானவை முடிவடையாதவையாகிவிடும்; அப்படியிருந்தாலும் தேர்ச்சி கிடைக்காது. பழுதை நீக்கிய பின் சில நாள்கள் வழக்கம்போல் ஓட்டுங்கள். ஆவி அமைப்பின் சோதனை பெரும்பாலும் குளிர்ந்த இன்ஜினில், டேங்க் ஏறக்குறைய 15 முதல் 85 சதவீதம் வரை நிரம்பியிருந்தால்தான் நடக்கும். 2001ஆம் ஆண்டுக் கார்களுக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் ஒரு தற்சோதனை முடியாமல் இருந்தாலும் ஏற்கலாம் என்பது அமெரிக்க மத்திய அரசின் சுற்றுச்சூழல் முகமையின் வழிகாட்டல். ஆகவே மற்றவை முடிந்து இது ஒன்று மட்டும் நிலுவையில் இருந்தால் பொதுவாகத் தடை வராது.